வாவிக்கரையில் அரிவரி: விளையாட்டு வகுப்பறைக்குள் வந்த வரலாறு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில், கிரான்குளத்தை அடுத்து, செட்டிபாளையத்துக்கு முன்னதாக அமைந்துள்ள ஊர் குருக்கள்மடம். வாவியின் கிழக்குக் கரையாகிய இப்பகுதியை எழுவான்கரை என்றும், வயல்களும் காடும் கொண்ட மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைப்பது இவ்வட்டார மக்களின் வழக்கம். குருக்கள்மடத்துத் துறையிலிருந்து எதிர்க்கரை அம்பிளாந்துறைக்குச் செல்லும் மிதவைப் படகுக்குப் ‘பாதை’ என்று பெயர். நிருவாக அளவில் மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகத்துக்கும், கல்வி அளவில் பட்டிருப்புக் கல்வி வலயத்துக்கும் உட்பட்ட இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த ஊர்களையும் சார்ந்த சிறுபிள்ளைகள் எவ்வாறு எழுத்தறிந்தனர், விளையாட்டு எனும் முயற்சி எப்போது எவ்வழியாகப் பள்ளிக்கூடத்தினுள் நுழைந்தது என்பவற்றை நோக்கும்போது, பொதுவாகக் கருதப்படுவதற்கு மாறான ஒரு வரலாறு தென்படுகின்றது. பழைய பள்ளிக்கூடம் இழந்தது விளையாட்டை அன்று. விளையாட்டு அதில் ஒருபோதும் இருந்ததில்லை. அது இழந்தது ஒவ்வொரு பிள்ளையையும் அப்பிள்ளை நிற்கும் படியிலேயே வைத்துக் கற்பிக்கும் வழக்கத்தையே ஆகும்.

பாடசாலைக் கல்வி பரவுவதற்கு முன்னர், தமிழ்ப் பிரதேசங்கள் பலவற்றிலும் போல இங்கும் எழுத்தறிவு ஏடு தொடக்குதலோடு ஆரம்பமாயிற்று. விசயதசமியிலோ தைப்பூசத்திலோ நல்ல வேளை பார்த்து, பரப்பிய அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிப்பதாகிய இச்சடங்கு இன்றும் கோயில்களிலும் பாலர் பாடசாலைகளிலும் நிகழ்ந்துவருகின்றது. அதன் பின்னர்ப் பிள்ளை சென்றமர்ந்த இடம் ஆசிரியரது வீட்டுத் திண்ணையாகவோ கோயில் மடமாகவோ மரநிழலாகவோ இருந்தது. முதலில் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லுதல், அடுத்து மணலில் விரலால் வரைதல், அதன் பிறகே பனையோலை ஏட்டில் எழுத்தாணி கொண்டு எழுதுதல் என்ற வரிசையில் பயிற்சி நடைபெற்றது. அரிச்சுவடி என்னும் எழுத்து ஏடு, எண்சுவடி என்னும் வாய்பாட்டு ஏடு, ஔவையாரின் நீதி நூல்கள், சொற்பொருள் கூறும் நிகண்டு ஆகியவை அடுத்தடுத்து மனனம் செய்யப்பட்டன. பின்னவை சிறுபிள்ளைக்கு விளங்குமா என்ற வினாவை அக்கால ஆசிரியர் எழுப்பவில்லை.

இம்மனனப் பழக்கத்தை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதற்கு ஏட்டின் இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு. ஓலையில் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை. எனவே ‘பட்டம்’ என்பது ‘படடம’ என்றே காணப்படும். குறில் நெடில் எகர ஒகரங்களுக்கு வடிவ வேறுபாடு இல்லாமையால் ‘கொடு’, ‘கோடு’ என்ற இரண்டும் ஒரே தோற்றம் பெறும். துணைக்காலும் ரகரமும் ஒத்த வடிவில் எழுதப்பட்டமையால் ‘காடு’ என்பதைக் ‘கரடு’ என்றும் வாசிக்கலாம். இத்தகைய ஏட்டைப் புதிதாகக் கையிலெடுத்து எழுத்துக்கூட்டி வாசித்துவிட முடியாது. பாடம் முன்னரே செவியிலும் நாவிலும் நின்றாலன்றிக் கண்ணுக்கு அது புலப்படாது. ஆகவே ஓதிய பின்னர் வாசித்தல் என்ற முறை அவ்வெழுத்து ஊடகத்துக்குப் பொருந்தியதாகவே இருந்தது. அச்சு நூல் வந்து, புள்ளியும் நெடிற்குறியும் நிலைபெற்ற பின்னரும் அதே முறை தொடர்ந்ததே பிழை.

திண்ணைப் பள்ளியில் இன்றைய பொருளிலான வகுப்பு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் அருகருகே இருந்து, ஒன்று மணலில் உயிரெழுத்தையும் மற்றொன்று ஏட்டில் நிகண்டுச் செய்யுளையும் பயின்றன. ஒரு பாடம் ஒப்புவிக்கப்பட்ட பின்னரே அடுத்த பாடம் கொடுக்கப்பட்டது. முந்தியவனுக்காகப் பிந்தியவனோ, பிந்தியவனுக்காக முந்தியவனோ காத்திருக்கவில்லை. மூத்த மாணாக்கருள் ஒருவன் சட்டாம்பிள்ளை என்ற பெயரில் இளையோருக்குப் பாடஞ் சொல்லியும் ஒப்புவித்தலைக் கேட்டும் ஆசிரியருக்குத் துணைநின்றான். இவ்வமைப்பைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பெண்பிள்ளைகளுக்கும் தாழ்த்தப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. பிரம்பும் முழந்தாளிடுதலும் அதன் அன்றாட வழக்கங்கள்.

விளையாட்டு அக்காலத்தில் பள்ளிக்கு வெளியே, வீட்டு வளவிலும் கோயில் வீதியிலும் வளர்ந்தது. நிலத்தில் கோடு கீறி எதிரணியை மறித்து ஆடும் கிளித்தட்டு, சிறு கற்களை மேலே எறிந்து ஏந்தும் கொக்கான், கட்டத்துக்குக் கட்டம் ஒற்றைக் காலில் தாவும் எட்டுக்கோடு ஆகியவற்றில் எண்ணுதலும் முறைபார்த்தலும் விதியை நினைவிற் கொள்ளுதலும் தாமாகவே பழகப்பட்டன. இவற்றினும் மேலாக மட்டக்களப்புக்குச் சிறப்பாகச் சொல்லத்தக்கது வசந்தன் கூத்து. சிறுவர்கள் வட்டமாக நின்று, கையிலேந்திய கோல்களைத் தம்முள் அடித்து, பாட்டின் தாளத்துக்கேற்ப இடம் மாறி மாறி ஆடும் இக்கூத்தில் தெய்வ வணக்கம் முதல் நெல் வேளாண்மைத் தொழில் வரையான பொருள்கள் பாடப்படுகின்றன. இதன் பாடல்களைத் திரட்டித் தி. சதாசிவ ஐயர் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்ற பெயரில் பதிப்பித்தார்.

வசந்தனைப் பழக்குபவரை அண்ணாவியார் என்பர். வாசிக்கத் தெரியாத சிறுவனும் வாசிக்கத் தெரிந்த சிறுவனும் அவர்முன் ஒரே வட்டத்தில் நிற்கின்றனர். தாளக்கட்டை வாயாற் சொல்லி, காலால் மிதித்து, பின்னர்ப் பாட்டோடு இணைத்து இருவரும் ஒரே வேளையில் கற்கின்றனர். ஓர் ஆட்டக்காரன் கோலைத் தவறவிட்டால் அவனது பிழையை வட்டம் முழுவதும் உடனே உணர்ந்துகொள்ளும். தண்டனை தேவைப்படுவதில்லை, ஆட்டமே அவனைத் திருத்திவிடும். பெரியோர் ஆடும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவரது பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுக்கும் ‘சட்டம் கொடுத்தல்’ என்ற வழக்கமும் உண்டு. எழுத்து வாசனை குறைந்த வேளாளனும் மீனவனும் பிறரைக் கொண்டு தம் சட்டத்தை வாசிப்பித்து மனத்திலிருத்திய அம்முறையில், எழுத்தும் உடலசைவும் குரலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இக்கூத்துக் களரியை ஒரு கல்விக்கூடமாகப் பாடசாலை நோக்கத் தொடங்கியது மிகப் பிந்திய காலத்திலேயே.

இதற்கிடையில் மணலில் எழுதும் தமிழ் வழக்கம் ஒரு நெடும் பயணம் செய்து வந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார், அயலிலிருந்த தமிழ்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதையும் ஒருவருக்கொருவர் கற்பிப்பதையும் கண்டு, தமது இல்லத்திலும் அதனை நடைமுறைப்படுத்தினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழியாக இது ‘மதராஸ் முறை’ என்ற பெயர் பெற்றது. யோசப் லங்காஸ்டர் நடத்திய பள்ளிகளிலும் மணற்றட்டும் மாணவ உபாத்தியாயரும் இடம்பெற்றதனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியாவின் ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரவர் சட்டாம்பிள்ளை முறையில் எழுத்தறிந்தனர். இவ்வகையான பள்ளிகள் பரவிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1814இல், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஆல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கினார். 1815 ஏப்ரலில் நோயுற்று இறப்பதற்குள் அவர் தொடக்கிய பள்ளிப்பணியிலிருந்தே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றைக் கணக்கிடுகின்றது. திண்ணையிலிருந்து சென்ற ஒரு முறைக்கு, திண்ணைக்குப் போட்டியாக வந்தவர்களின் நாட்டில் புதுமை என்ற மதிப்புக் கிடைத்ததை வரலாற்றின் குறும்பு எனலாம்.

மிஷன் பள்ளிகள் அச்சுநூலையும் கற்பலகையையும் பெண்கல்வியையும் வாவிக்கரை ஊர்களுக்குக் கொண்டுவந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதை அடுத்து, இங்கிலாந்தின் 1862ஆம் ஆண்டு விதித்தொகுப்பைத் தழுவி, பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்ப மானியம் வழங்கும் முறை இலங்கையில் நடைமுறைக்கு வந்தபோது வகுப்பறையின் இயல்பே மாறிற்று. ஆண்டுக்கொருமுறை வரும் பரிசோதகர் முன்னிலையில் இன்ன வகுப்புப் பிள்ளை இன்ன பந்தியை வாசிக்கவேண்டும், இத்தனை சொற்களைப் பிழையின்றி எழுதவேண்டும் என்று நிச்சயிக்கப்பட்டது. பிள்ளையின் தேர்ச்சி பள்ளியின் வருவாயாயிற்று. ஒரே வயதினரை ஒரே வகுப்பில் இருத்தி, ஒரே நூலின் ஒரே பக்கத்தை எல்லோருக்கும் ஒரே நாளில் கற்பிக்கும் ஏற்பாடு இவ்வாறு நிலைபெற்றது. பின்தங்கிய பிள்ளை தன் படியில் நின்று கற்பதற்கு இடமின்றி, வகுப்பின் பின்வரிசையில் வாயசைத்துக் கொண்டிருக்கும் காட்சியும் அன்றிலிருந்தே தொடங்கியிருத்தல் வேண்டும்.

சைவ மக்களின் பதில் முயற்சியும் மிஷன் பள்ளியின் அமைப்பைத் தழுவியே நிகழ்ந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், எளிய வசன நடையில் படிப்படியாக உயரும் பாலபாட வரிசையை அச்சிட்டு, தமிழில் தரப்படுத்தப்பட்ட வாசிப்பு நூலுக்கு வழிவகுத்தார். கிழக்கில் காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர் இராமகிருஷ்ண மிஷனின் சார்பில் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தியதோடு, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழக் காரணமானார். நூல் தரப்படுத்தப்பட்டது, பிள்ளை தரப்படுத்தப்படவில்லை. முதற்பாடத்தை வாசிக்க முடியாத பிள்ளைக்கு இரண்டாம் பாடம் வகுப்பேற்றத்தோடு தானாகவே வந்து சேர்ந்தது.

சிறுபிள்ளைக்கு விளையாட்டே வேலை என்ற கருத்து ஐரோப்பாவிலிருந்து வேறு வழியாக வந்தது. 1837இல் ஜேர்மனியில் புரோபெல் தொடக்கிய பாலர் பள்ளி இயக்கமும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை அடையாற்றில் தங்கிப் பயிற்சியளித்த மரியா மொண்டிசோரி 1944இல் இலங்கைக்கு வந்து நடத்திய வகுப்பும் இங்குள்ள ஆசிரியர்மீது செல்வாக்குச் செலுத்தின. அரிவரி எனப்பட்ட தொடக்க வகுப்பு, பாலர் கீழ்ப்பிரிவு, மேற்பிரிவு என வகுக்கப்பட்டு, களிமண் உருவமும் காகித வெட்டும் அபிநயப் பாட்டும் நேர அட்டவணையில் இடம்பெற்றன. மொண்டிசோரியின் கருவிகளுள் ஒன்று, மணற்றாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவிப் பார்ப்பதாகும். மணலை இலவசமாகத் தரும் கடற்கரை ஊர்களுக்கு அது விலைகொடுத்து வாங்கும் கல்விச் சாதனமாக வந்து சேர்ந்தது.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் வாவிக்கரையின் ஒவ்வோர் ஊரிலும் பாடசாலையை நிலைபெறச் செய்தன. குருக்கள்மடத்தின் கலைவாணி மகா வித்தியாலயம் போன்றவை இன்று அவ்வகையில் அரச பாடசாலைகளே. ஆயின் 1980களிலிருந்து நீண்ட போர், இடப்பெயர்வும் இழப்பும் கொண்டு, பிள்ளைகளின் படிப்பைத் துண்டு துண்டாக்கியது. ஒரே வகுப்பில் இருந்த இரு பிள்ளைகள், ஒன்று தடையின்றிக் கற்றதாயும் மற்றொன்று பல மாதங்கள் அகதி முகாமில் கழித்ததாயும் இருந்தமையால், வயதும் வாசிப்பும் ஒத்துச் செல்லும் என்ற பழைய எண்ணம் நடைமுறையில் தகர்ந்தது. 1996இல் கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளும் மட்டக்களப்பில் தொடக்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து, கதை, ஓவியம், நாடகம், களிமண் வேலை ஆகியவற்றின் வழியே மனக்காயத்தை ஆற்ற முயன்றது. பேராசிரியர் சி. மௌனகுரு எழுதிய ‘தப்பி வந்த தாடி ஆடு’, ‘வேடனை உச்சிய வெள்ளைப் புறாக்கள்’ ஆகிய சிறுவர் நாடகங்களோ கூத்தின் தாளத்தையும் ஆட்டத்தையும் பாடசாலை மேடைக்குக் கொண்டுவந்தன. அண்ணாவியாரின் வட்டத்துக்கும் வகுப்பறைக்கும் இடையிலிருந்த சுவரில் முதலில் வாயில் வெட்டியவை இம்முயற்சிகள் என்பது மிகையன்று.

அரச மட்டத்தில் இதற்கு இடமளித்தது 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1999இல் நாடு முழுவதும் தரம் ஒன்றில் அறிமுகமான ஆரம்பக்கல்விச் சீர்திருத்தமாகும். தரம் ஒன்றும் இரண்டும் முதலாம் முதன்மை நிலை, மூன்றும் நான்கும் இரண்டாம் நிலை, ஐந்து மூன்றாம் நிலை என வகுக்கப்பட்டன. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றும் கற்பித்தல் முறைகளாக ஏற்கப்பட்டு, முதல் நிலையில் விளையாட்டு முதன்மை பெறவும், இரண்டாம் நிலையில் மூன்றும் சமமாகவும், மூன்றாம் நிலையில் எழுத்து வேலை மேலோங்கவும் விதிக்கப்பட்டது. புதிதாய் வரும் பிள்ளை என்ன அறிந்து வருகின்றது என்பதை விளையாட்டுகளின் ஊடாகவே கண்டறியும் ‘பிள்ளையை இனங்காணல்’ என்ற ஏற்பாடும், எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் அடையவேண்டிய ‘அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சி’களும் இதனோடு வந்தன. பிள்ளையின் படிநிலையை முதலில் அறிந்து பின் கற்பிப்பது என்ற திண்ணைக் கொள்கை இவ்வாறு, பிரம்பின்றி, அரச சுற்றறிக்கையில் மீண்டும் தோன்றியது.

இதன் உட்பொருள் ஒரு சிறு விளையாட்டில் தெளிவாகும். பாடசாலை வளவின் மணலில் ஆசிரியை ஏழெட்டு வட்டங்களைக் கீறி, ஒவ்வொன்றிலும் ப, ம, ட போன்ற ஓர் எழுத்தை எழுதுகின்றார். எழுத்தின் வடிவத்தை மட்டுமே இனங்காணத்தக்க பிள்ளையிடம் ஓர் எழுத்தட்டை கொடுக்கப்படுகின்றது. அது தன் அட்டைக்கு ஒத்த வட்டத்தைத் தேடி ஓடுகின்றது. ஒலியறிந்த பிள்ளைக்கு அட்டை இல்லை. ‘மாம்பழம்’ என்று கேட்டதும் அதன் முதல் ஒலிக்குரிய மகர வட்டத்தில் அது போய் நிற்கவேண்டும். சொல்லை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கோ ‘பகர வட்டத்தில் உள்ளவரின் கையைப் பிடித்து மகர வட்டத்துக்கு வருக’ என்பது போன்ற ஒரு கீற்றுத்தாள் கொடுக்கப்படுகின்றது. அது வாசித்து, பொருளுணர்ந்து, செய்து காட்டவேண்டும். மூவரும் ஓடுகின்றனர், மூவரும் ஒரே ஆட்டத்தில் இருக்கின்றனர், தான் கீழ்ப்படியில் நிற்பதை எவரும் அவமானமாக உணர்வதில்லை. எல்லோருக்கும் ஒரே அட்டையைக் கொடுத்து இதே ஆட்டத்தை நடத்தினால், முன்னணிப் பிள்ளைகள் ஓட, ஏனையோர் அவர்களைப் பார்த்து அவர்கள் நிற்கும் வட்டத்துக்குள் புகுந்துவிடுவர். ஆரவாரம் இருக்கும், கற்றல் இராது. விளையாட்டுக் கற்றல் என்ற பெயரில் நடப்பனவற்றுள் கணிசமானவை இப்பின்னைய வகையைச் சார்ந்தவை.

தமிழ்நாட்டு அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்து வளர்ந்த அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல், அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முனைப்பில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007–08இல் மாநிலமெங்கும் விரிந்தது. பாடநூலுக்குப் பதிலாகப் படம் பொறித்த அட்டைகள், அவற்றை வரிசைப்படுத்தும் ஏணி, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைக்கு எட்டும் கரும்பலகை, செய்த வேலையைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் ஆகியவை அதன் உறுப்புகள். ஆசிரியரின் முழு உதவியோடு கற்போர், பகுதி உதவியோடு கற்போர், சக மாணவர் உதவியோடு கற்போர், தாமே கற்போர் எனப் பிள்ளைகள் பாய்களில் வெவ்வேறு குழுக்களாக அமர்ந்தனர். சட்டாம்பிள்ளை அங்கே கையில் பிரம்பின்றி மீண்டும் வந்தார் எனலாம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும், கொரோனாக் கால இடைவெளியால் பின்தங்கிய பிள்ளைகளைக் கருதி, வகுப்பைக் காட்டிலும் படிநிலையை அடிப்படையாகக் கொண்டு, அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்களை அமைத்தது. அட்டைகளை நிரப்புவதே வேலையாகிவிட்டது, ஆசிரியர் பேசிக் கற்பிப்பது குறைந்துவிட்டது என்ற குறைகூறல்கள் செயல்வழிக் கற்றல்மீது எழுந்ததையும் மறுத்தற்கில்லை. அட்டை எத்துணைச் சிறந்ததாயினும் கதை சொல்லும் குரலின் இடத்தை அது நிரப்பாது.

இலங்கையில் படிநிலையறிந்து கற்பித்தலுக்கு எதிராக நிற்பது குறைபாடுள்ள அட்டையன்று, ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையாகும். கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குத் தெரிந்தெடுக்கும் கருவியாகத் தோன்றிய அப்பரீட்சை, இன்று தரம் மூன்றிலேயே வினாத்தாள் பயிற்சியைத் தொடக்கிவைக்கின்றது. விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் சமமாயிருக்கவேண்டிய இரண்டாம் முதன்மை நிலை, மாலைநேரத் தனியார் வகுப்புகளின் நிழலில் எழுத்து வேலையால் நிறைந்துவிடுகின்றது. பெறுபேற்றுக்கேற்ற மானியம் மறைந்து நெடுங்காலமாயினும், பெறுபேற்றால் பாடசாலையை அளக்கும் மனப்பாங்கு இவ்வாறு தொடர்கின்றது. இதற்கு மாறாக, எழுவான்கரை ஆசிரியர்கள் பாதையேறி வாவியைக் கடந்து சென்று கற்பிக்கும் படுவான்கரையின் சிறு பாடசாலைகளில், பிள்ளைத்தொகை குறைவாதலால் இரண்டு மூன்று தரங்களை ஒரே ஆசிரியர் ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் பல்தர வகுப்புகள் உள்ளன. ஆசிரியப் பற்றாக்குறையின் விளைவாகவே இவை பொதுவாக நோக்கப்படுகின்றன. ஆயினும் வயதை விட்டுப் படிநிலையைப் பார்த்துக் குழு அமைப்பதற்கும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதற்கும், ஒரே மணல் வட்டத்தில் மூன்று படிநிலைகளை ஆடவைப்பதற்கும் உரிய வாய்ப்பு, நாற்பது பேரைக் கொண்ட நகரத்து வகுப்பைவிட அவ்வறைகளுக்கே மிகுதியாக உண்டு. ஆசிரிய கலாசாலையில் பல்தரக் கற்பித்தலைச் சரிவரப் பயின்ற ஓர் ஆசிரியர் அங்கு நியமிக்கப்படுவதும், அவர் ஒரு தவணை முடியுமுன் இடமாற்றம் பெற்றுச் செல்லாதிருப்பதும் வலயக் கல்வி அலுவலகத்தின் கையிலுள்ள காரியங்கள்.